சாம்பியன் ஆன ரெண்டே வருஷத்துல காணாமப்போன சென்னை டீம்!

முகப்பேர் பக்கம் சனிக்கிழமை ராத்திரி ஏதாவது ஒரு டர்ஃப் பக்கமா நடந்து பாருங்க. வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வர்ற பந்தை எடுக்க ஓடி வர்றவர் முதுகுல மெஸ்ஸி இருப்பார், இல்லன்னா ஹாலண்ட். போன வாரம் எங்க டீம்ல ஆடுற காலேஜ் பசங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன்: "ஐ லீக் ஜெயிச்ச சென்னை டீம் எது?" ஒருத்தன் யோசிக்காம "சென்னையின் எஃப்சி" என்றான். தப்பு தம்பி. சென்னையின் ஜெயிச்சது ஐ.எஸ்.எல். ஐ லீக்கை ஜெயிச்சது சென்னை சிட்டி எஃப்சி. அந்தப் பேரையே அவன் கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் ரொம்பப் பழைய கதை இல்லை, 2019 மார்ச்.

சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டிக்கு, 2016-17 சீசனில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஐ லீக்கில் நேரடி இடம் கொடுத்தது. அப்போது ஐ.எஸ்.எல்., ஐ லீக் ரெண்டும் பக்கத்து பக்கத்துல ஓடிக்கொண்டிருந்தன. பளபளப்பு ஐ.எஸ்.எல். பக்கம். ஆனா நாட்டின் அதிகாரபூர்வ டாப் டிவிஷன் என்ற மரியாதை ஐ லீக்கிடம்தான் இருந்தது.

முதல் சீசன் நம்ம பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். அடுத்த சீசனிலிருந்து ஜாகை கோயம்புத்தூருக்கு மாறியது. அங்கேயும் நேரு ஸ்டேடியம்தான்! ஊர் மாறியது, பேரில் இருந்த 'சென்னை' மட்டும் மாறவில்லை.

முதல் இரண்டு சீசனும் பட்டியலின் கீழ்ப்பாதியில் தட்டுத்தடுமாறிய டீம், 2018-19ல் அப்படியே வேற ஆளாக வந்து நின்றது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினிலிருந்து நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. அவர்களோடு உருகுவேயில் பிறந்த ஸ்ட்ரைக்கர் பெத்ரோ மான்சி. எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் என நம்ம ஊர்ப் பசங்களும் கூட. மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டியைத் துரத்தி வந்தது ஈஸ்ட் பெங்கால், கிட்டத்தட்ட நூறு வயசான கொல்கத்தா கிளப். ஒரே நேரத்தில் ரெண்டு மேட்ச். கோவையில் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கி இருந்து, எழுந்து, 2-1 என ஜெயித்தது. அதாவது சென்னை சிட்டி ஜெயித்தே ஆகணும். பெனால்ட்டியில் மான்சி சமன் செய்தார். அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா (ஆமாம், டிஃபெண்டர்!) ரெண்டு கோல். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி.

இதே வருஷத் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் இந்தக் கிளப்பில் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. பாசல் 1893ல் தொடங்கியது, 2010லிருந்து 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் லீக்கை ஜெயித்த கிளப். அந்த ஊர் ஆள் கணக்கில் நம்ம அம்பத்தூரைவிடச் சின்னது என்பது என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம். கோப்பை இருக்கு, ஐரோப்பிய பார்ட்னர் இருக்கு. இனி என்ன வேணும்?

ஏணி வேணும். அதைத்தான் எடுத்துவிட்டார்கள். 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் தந்த புதுத் திட்டப்படி, ஐ.எஸ்.எல். தான் நாட்டின் டாப் லீக். ஐ லீக் சாம்பியன் மேலே போகும் கதவு 2022-23 சீசனில்தான் திறக்கும். நாட்டின் சாம்பியன் ஏழே மாசத்தில் இரண்டாம் டிவிஷன் டீம் ஆனது, ஒரு மேட்ச்கூட தோற்று இறங்காமலே! ஸ்பான்சர் எங்கே போவார், நல்ல பிளேயர் எங்கே போவார்? எட்வின் சென்னையினுக்குப் போனார். மான்சி ஜப்பானுக்கு. கொஞ்ச நாளில் ரொமாரியோ கோவாவுக்கு.

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று. பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. 'சொந்த மைதானம்' என்று சொல்லி அந்த மேட்ச் நடந்த ஊர் அகமதாபாத். அப்புறம் கொரோனா. 2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்கத்தில், பயோ பபிளுக்குள். அதற்கடுத்த சீசனில் கிளப் லைசென்ஸ் விதிகளை நிறைவு செய்யவில்லை என லீக்கில் இடம் இல்லை. அவ்வளவுதான்.

எல்லாப் பழியையும் ஏணி மேல போட்டுட முடியுமா? எனக்கு முழுசா ஒப்பலை. கோகுலம் கேரளாவைப் பாருங்க. 2020-21, 2021-22 என அடுத்தடுத்து ரெண்டு முறை ஐ லீக் சாம்பியன். அவங்களுக்கும் ப்ரொமோஷன் கிடைக்கலை. ஆனா கிளப் சாகவில்லை. பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் பணம் இருந்தது உண்மைதான். கூடவே கோழிக்கோடு என்ற ஊர் இருந்தது, மகளிர் லீக்கை ஜெயித்த பெண்கள் டீமும் இருந்தது. சென்னை சிட்டிக்கு எந்த ஊர்? பேரில் இருந்த சென்னை அதன் மேட்சைப் பார்க்கலை. மேட்சைப் பார்த்த கோவையின் பேர் ஜெர்சியில் இல்லை. டீம் காணாமப்போனபோது ரெண்டு ஊர்லயும் யாரும் தெருவுக்கு வரலை. முகப்பேர்ல இருந்த நானும்தான்.

இதை இப்போ ஏன் கிளறணும்னு கேக்கறீங்களா? 2010ல் சம்மேளனம் போட்ட 15 வருஷ, 700 கோடி ரூபாய் வணிக ஒப்பந்தத்தின் மேல்தான் ஐ.எஸ்.எல். நின்றுகொண்டிருந்தது. அது 2025 டிசம்பரோடு முடிகிறது, புதுசு கையெழுத்தாகவில்லை என்றதும் லீக் அப்படியே நின்றது. அந்த ஆகஸ்டில், ரெண்டு முறை ஐ.எஸ்.எல். ஜெயித்த சென்னையின் எஃப்சியே தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. ஒருவேளை அது நிரந்தரமாகியிருந்தால், நம்ம டர்ஃப்ல எத்தனை பேர் கவலைப்பட்டிருப்போம்?

அந்தக் காலேஜ் தம்பிக்கு அன்னைக்கே 2019 ஃபைனல் டே ஹைலைட்ஸ் அனுப்பினேன். பாதி மேட்ச் டைம் போனதுக்கப்புறம் ரிப்ளை வந்தது: "அண்ணா, இந்த ஜெர்சி இப்போ எங்க கிடைக்கும்?"

எங்கேயும் கிடைக்காதுடா.