கணக்கு தீருமுன் கையெழுத்து

சவூதி அரேபியாவில் ஒரே நிறுவனத்தில் 12 ஆண்டுகள் வேலை பார்த்து, கடைசியாக மாதம் 1,500 ரியால் சம்பளம் வாங்கிய ஒருவர் ஊர் திரும்பும்போது அவருக்குச் சேர வேண்டிய சர்வீஸ் பணம் 14,250 ரியால். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 84ஆவது பிரிவு சொல்கிறது. முதலாளியின் கருணை இதில் எதுவும் இல்லை. இருந்தும் இந்தப் பணத்தில் பாதியைக்கூடப் பார்க்காமல் விமானம் ஏறுகிறவர்கள் நம் ஊர்களில் உண்டு. ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் கன்னியாகுமரியிலும் 'பயணம்' போய்த் திரும்பியவர்கள் வீட்டில் விசாரித்தால் தெரியும். ஊருக்குப் போகும் அனுமதியும் கணக்குத் தீர்க்கும் பொறுப்பும் ஒரே ஆளின் கையில் இருப்பதுதான் இதற்குக் காரணம்.

சவூதியைவிட்டு வெளியே வர இரண்டு வழி. விடுமுறைக்குப் போய்வர எக்ஸிட் ரீ-என்ட்ரி. ஒரேயடியாகக் கிளம்ப ஃபைனல் எக்ஸிட். ஃபைனல் எக்ஸிட் அடித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கிளம்பியாக வேண்டும். அதை அடிப்பதற்கு இக்காமா, அதாவது வசிப்பு அனுமதி அட்டை, காலாவதியாகாமல் இருக்க வேண்டும்; இக்காமாவைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. போக்குவரத்து அபராதம் பாக்கியிருந்தால் எக்ஸிட் நகராது. பெயரில் வண்டி இருந்தால் அதை மாற்றிக் கொடுத்தாக வேண்டும். இத்தனைக்கும் அலுவலகம் அலுவலகமாக ஓடுகிறவர் கம்பெனியின் மந்தூப். அவரே ஒருநாள் அரபியில் அச்சடித்த ஒரு தாளையும் கொண்டுவருவார். எல்லாப் பாக்கியையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்பது அதன் சாரம். பாஸ்போர்ட் இன்னும் கம்பெனியில் இருக்கும். டிக்கெட் இரண்டு நாளில் இருக்கும். ஊரில் பெட்டி வருமென்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பேனாவைக் கீழே வைக்க எத்தனை பேரால் முடியும்?

அந்தத் தாளில் தொகையைவிட ஆபத்தான ஓர் இடம் இருக்கிறது: வேலை முடிந்ததற்கான காரணம். தொழிலாளி தானாக ராஜினாமா செய்தார் என்று அங்கே எழுதப்பட்டால் 85ஆவது பிரிவு வேலை செய்யத் தொடங்கும். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை வேலை பார்த்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான். ஐந்துக்கு மேல், பத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. பத்து ஆண்டு கடந்தவருக்கே முழுத் தொகை. அதே 1,500 ரியால் சம்பளத்தில் எட்டு ஆண்டு இருந்தவரை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தக் காலம் முடிந்து கிளம்பினால் அவருக்கு 8,250 ரியால். ராஜினாமா என்று பதிந்தால் 5,500. ஒற்றைச் சொல்லில் 2,750 ரியால், கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம், கைவிட்டுப் போகிறது. நான்கு ஆண்டுக்காரருக்கு 3,000 என்பது 1,000 ஆகிவிடும். அரபி படிக்கத் தெரியாதவர் இதை எங்கே கண்டுபிடிப்பார்? 'ஊருக்குப் போகணும்' என்று அவர் வாய்திறந்து கேட்டதே ராஜினாமாவாக எழுதப்படுகிறது. எனக்கு இதில் வரும் கோபம் சாதாரணமானது அல்ல.

அமீரகத்தில் கதை கொஞ்சம் வேறு. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ராஜினாமா செய்தாலும் சர்வீஸ் பணத்தைக் குறைக்கக் கூடாது என்கிறது. வேலை முடிந்த 14 நாளுக்குள் கணக்கைத் தீர்க்கவும் சொல்கிறது. ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் என்பது அடிப்படைச் சம்பளத்தை வைத்து மட்டுமே. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகவும் படிகளைப் பெரிதாகவும் பிரித்து எழுதுவதன் பலன் கிளம்பும் நாளில்தான் தெரியும். விசா கேன்சல் தாளில் கையெழுத்துப் போடும் சடங்கு இங்கும் உண்டு. கேன்சல் ஆனபின் குறித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். பணம் வரும்வரை காத்திருக்க நினைப்பவரை அந்த அபராதமே விரட்டும்.

நாடுகள் மாறிவருகின்றன என்பது உண்மை. கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும், 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளர்களுக்கும் வெளியேறும் அனுமதி தேவையில்லை என்றாக்கியது. 2021 மார்ச்சில் சவூதியும் தொழிலாளியே செயலி வழியாக எக்ஸிட் கேட்கலாம் என்றது. ஆனால் வீட்டு ஓட்டுநர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர் அந்தச் சலுகைக்கு வெளியே நின்றார்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் மிக ஏழைகள் செய்யும் வேலைகள் இவை. குவைத்தோ எதிர்த் திசையில் போயிருக்கிறது: 2025 ஜூலை முதல் தனியார் துறை வெளிநாட்டுத் தொழிலாளர்கள், விடுமுறைக்குப் போவதற்குக்கூட முதலாளியின் ஒப்புதலோடு அனுமதி பெற வேண்டும்.

கடனை அடைக்காமல் ஓடிவிடுகிறார்களே என்று முதலாளிகள் தரப்பில் சொல்வார்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கலாம். கடனுக்கு நீதிமன்றம் இருக்கிறது, பயணத் தடை விதிக்க அதற்கு அதிகாரமும் இருக்கிறது. ஒருவர் வீடு திரும்பலாமா என்று தீர்மானிக்கும் உரிமை முதலாளிக்கு எதற்கு? முறைத்துக்கொண்டால் 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிடும் வாய்ப்பும் அவரிடமே இருக்கிறது. அதற்குப் பிறகு தொழிலாளியின் முன்னால் தர்ஹீல் என்கிற நாடுகடத்தல் முகாமும், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் தரும் அவுட்பாஸும்தான். சர்வீஸ் பணத்தைப் பற்றி அங்கே பேச யாருக்கும் தெம்பிருக்காது.

கூட்டம் கூட்டமாகத் திரும்பியபோதும் இதே கதைதான். 2016இல் சவூதி ஓகர் நிறுவனம் நொடித்தபோது ஆயிரக்கணக்கான இந்தியர்கள் பல மாதச் சம்பளம் வராமல் ஜெத்தா முகாம்களில் சிக்கினார்கள். இணையமைச்சர் வி.கே.சிங் நேரில் போனார், எக்ஸிட் கிடைத்தது. பாக்கியைத் தூதரகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லப்பட்டது. கொரோனாவால் சிக்கியவர்களை அழைத்துவர 2020 மே 7இல் வந்தே பாரத் விமானங்கள் பறக்கத் தொடங்கியபோதும், இருக்கை கிடைத்ததே போதுமென்று கணக்குத் தீராமல் ஏறியவர்கள் பலர்.

இந்திய அரசின் பார்வை இன்னமும் புறப்படும் வாசலிலேயே நிற்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அவருடைய வேலை ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏறுகிறது, காப்பீடும் கட்டாயம். அவர் திரும்பும் நாளில் அந்த ஒப்பந்தத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சம்பளம் என்ன, எத்தனை ஆண்டுக்கு என்று அரசிடமே எழுத்தில் இருக்கிறது. எவ்வளவு பாக்கி என்று கணக்கிட அதற்கு மேல் அதிகம் வேண்டாம். கணக்குத் தீர்ந்த தாளின் நகல் அதே தளத்தில் ஏற வேண்டும், தொகை குறைந்தால் தூதரகத் தொழிலாளர் பிரிவு முதலாளியைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி போதும். 1983 சட்டத்துக்கு மாற்றாக வெளியுறவு அமைச்சகம் 2025இல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. புதிய சட்டத்தில் இந்த விதி இடம்பெற வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

மாநிலத்துக்கும் வேலை இருக்கிறது. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்றது. கேரளத்தில் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான அரசு அமைப்பான நோர்க்கா, வளைகுடா நாடுகளில் சட்ட ஆலோசகர்களை வைத்திருக்கிறது. திரும்பி வந்தவர்கள் தொழில் தொடங்க மானியத்தோடு கடன் திட்டமும் நடத்துகிறது. அயலகத் தமிழருக்கென்று துறையும் வாரியமும் அமைத்துவிட்ட தமிழ்நாடு, ரியாத்திலும் துபாயிலும் குவைத்திலும் அரபித் தாளைப் படித்துச் சொல்ல ஊருக்கொரு வழக்கறிஞரையாவது அமர்த்த முடியாதா? ஆண்டுதோறும் விழா நடத்துவதைவிட இதற்குச் செலவு குறைவு.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாராவது இந்த ஆண்டு எக்ஸிட் கேட்கப் போகிறார் என்றால், வேலை ஒப்பந்தம், இக்காமா, கடைசி மூன்று சம்பளச் சீட்டு ஆகியவற்றின் படத்தை இப்போதே வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு வரும் தாளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அரபி தெரிந்தவரிடம் காட்டி, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட பிறகே கையெழுத்து. ஏற்கெனவே குறைவாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டவர்கள், அங்கே நம்பகமான ஒருவருக்குப் பவர் கொடுத்து வழக்குப் போட முடியும். சவூதிச் சட்டத்தில் அதற்குக் கெடு, வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதம்.