குடோன் சாவியை யாராவது கொடுப்பார்களா?

சாமளாபுரம், சோமனூர் பக்கம் விசைத்தறிக்காரர்கள் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி, கூலிக்கு நெய்து கொடுப்பார்கள். எத்தனை வருடப் பழக்கம் என்றாலும் அவரவருக்கு உரிய பாவுதான் கைக்கு வரும். குடோனைத் திறந்துவிட்டு "வேண்டியதை எடுத்துக்குங்க" என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை. அதை யாரும் அவமானமாக நினைப்பதும் இல்லை.

அதே தொழில் கம்ப்யூட்டருக்குள் போனதும் இந்தப் புத்தி எங்கே போய்விடுகிறது?

ஒரு பனியன் கம்பெனி, பிரிண்டிங் யூனிட்டுக்கும் எம்ப்ராய்டரி யூனிட்டுக்கும் டிசைன் அனுப்ப ஒரு எஃப்டிபி சர்வர் வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. வேலை முடிந்ததா? இல்லை. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் விஎஸ்எஃப்டிபிடி, நாமாகச் சொல்லாதவரை உள்ளூர்ப் பயனரை அவருடைய ஃபோல்டருக்குள் அடைத்து வைக்காது. ஒரு படி மேலே ஏறினால் பக்கத்து யூனிட்டின் ஃபோல்டர். அனுமதிகளும் தளர்வாக இருந்தால், இன்னொரு பையரின் அடுத்த சீசன் டிசைனும் ரேட்டும் கண்ணெதிரே! இதற்குத் திருடன் வேண்டாம், சும்மா எட்டிப் பார்க்கும் ஆசை போதும்.

எஃப்டிபியின் முதல் வரையறையை 1971ல் எழுதியவர் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். அன்று வலையில் இருந்தவை சில ஆய்வுக்கூடங்கள்தான். ஒரு பயனருக்கு அவருடைய ஃபோல்டரையே மொத்த உலகமாகக் காட்டும் 'சேஞ்ச் ரூட்' வசதி 1979ன் யூனிக்ஸிலேயே வந்துவிட்டது. 2008ல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சும் எஸ்எஃப்டிபி பயனர்களுக்கு இதைத் தந்தது. சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போவதால், எஸ்எஃப்டிபியே மேல்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அடைக்கும் ஃபோல்டர் நிர்வாகியின் பெயரில், பயனர் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வர் உள்ளே விடாது. உடனே விஎஸ்எஃப்டிபிடியில் பலரும் அந்தச் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். பூட்டு இறுக்கமாக இருக்கிறதென்று கதவையே கழற்றுகிற கதை! உள்ளே 'அப்லோட்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் மட்டும் எழுத விட்டால் தீர்ந்தது.

"நம்ம ஆளுங்கதானே, எதுக்கு இதெல்லாம்?" என்பார்கள். நம்ம ஆள் என்பதால்தான் இது வேண்டும். டிசைன் ஒன்று வெளியே போனால், பார்க்க முடிந்த அத்தனை பேர் மேலும் சந்தேகம் விழும். கையில் வேலையைத் தவிர வேறொன்றும் இல்லாத சின்ன யூனிட்டுக்கு அந்தச் சந்தேகமே போதும், அடுத்த ஆர்டர் வராமல் போக. பார்க்கவே முடியாதவர் மேல் யாரும் பழி போட முடியாது. அந்தப் பூட்டு முதலாளிக்கு மட்டுமல்ல, கூலிக்கு வேலை செய்பவருக்கும் காவல்.