ரத்தப் பரிசோதனைக்கு முன் ஏழு கேள்விகள்

அறுபதைக் கடந்த ஆண் இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனால், நம் வீடுகளில் அதற்கு இரண்டே காரணங்கள் சொல்லப்படும்: ஒன்று வயது, இன்னொன்று சுகர். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியும் காரணமாக இருக்கலாம் என்பது, நீர் அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவில் டியூப் போடும் நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது. அதே ஊரில் வசதியுள்ள இன்னொருவர், எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே மாஸ்டர் செக்-அப்புக்குப் போகிறார். பேக்கேஜோடு சேர்ந்து வருவதால், புராஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் எடுக்கப்படுகிறது. எதற்காக என்று யாரும் விளக்குவதில்லை. அளவு சற்றுக் கூடியிருந்தால் அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. முன்னவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்னவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டுமே நோயாளியோடு பேசாத மருத்துவத்தின் விளைவுகள். புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய எல்லா முதிய ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ. எடுக்க வேண்டும் என்ற குரல் வலுத்துவரும் இந்நாளில், அதற்கு முன்பாக அவர்கள் அனைவரிடமும் சில எளிய கேள்விகளைக் கேட்கத் தொடங்க வேண்டும் என்கிறேன்.

இளம் வயதில் இந்தச் சுரப்பியின் எடை சுமார் 20 கிராம். நாற்பதுக்குப் பிறகு அது மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமும் எண்பதைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோரிடமும் இந்த வீக்கத்தின் அடையாளங்கள் உண்டு. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால், சாதாரண வீக்கம் என்பதாலேயே அதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. குழாய் நெருக்கப்படும்போது சிறுநீர்ப்பை முக்கி முக்கி நீரை வெளியேற்றுகிறது. அதன் தசை முதலில் தடித்து, பிறகு களைத்துப்போகிறது. உள்ளே தேங்கும் நீரில் கிருமித் தொற்று வரும், கல் உண்டாகும். அழுத்தம் மேலேறி சிறுநீரகத்தையே கெடுத்துவிடுவதும் உண்டு. சளிக்காகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை ஒன்றே, ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் பாதையை முழுதாக அடைத்துவிடக்கூடும். தள்ளாத வயதில் இருட்டில் அவசரமாக எழுந்து கழிப்பறைக்கு ஓடுவது கீழே விழுவதற்கும், இடுப்பெலும்பு முறிவதற்கும் வழிவகுக்கிறது. வெளியூர்ப் பேருந்துப் பயணம் என்றால் முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். இத்தனைக்கும் இது வைத்தியம் இல்லாத கோளாறு அல்ல. டாம்சுலோசின் மாத்திரை சில நாட்களிலேயே பாதையைத் தளர்த்துகிறது. ஃபினாஸ்டிரைடு சில மாதங்களில் சுரப்பியைச் சுருக்குகிறது. இரண்டும் போதாதவர்களுக்கு, வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே செய்யும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

இவ்வளவு எளிதில் தீர்க்கக்கூடிய துன்பத்தைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 1992-ல் உருவாக்கி, பிறகு உலகெங்கும் புழக்கத்துக்கு வந்த ஏழு கேள்விகள் போதும். போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, வேகம் குறைந்திருக்கிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 8-ஐ எட்டினாலே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை, 20-ஐ எட்டினால் கடுமை. இதைக் கொண்டுசேர்க்கும் பாதையும் தமிழ்நாட்டில் தயாராக இருக்கிறது. மாநில மக்கள்தொகையில் 2021-ல் 13.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து தருகிறது. மாத்திரையோடு போகும் கையில் ஒரு கேள்வித்தாளும் போகலாம். சிறுநீர்த் தொல்லை முழுவதையும் சுகர் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தைத் திருத்துவதற்கும் அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆரம்பநிலைப் புற்றுநோய் எந்த அறிகுறியும் காட்டாது. கேள்விகள் வீக்கத்தைப் பிடிக்கலாம், புற்றுநோயைப் பிடிக்காது. உண்மைதான். ஆனால், பி.எஸ்.ஏ. பிடிப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். புராஸ்டேட் திசுவில் இருக்கும் ஒரு புரதத்தை 1970-ல் விவரித்த அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஆப்ளினே, இந்தப் பரிசோதனையை எல்லோருக்கும் செய்வதை 2010-ல் வெளிப்படையாக எதிர்த்தார். வீக்கம், தொற்று, அண்மையில் டியூப் போட்டது என எதுவும் இந்த அளவைக் கூட்டிவிடும். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 55 முதல் 69 வயது வரையிலான சுமார் 1,62,000 ஆண்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்தது. பயன் இல்லாமல் இல்லை. ஆனால், ஒரு மரணத்தைத் தவிர்க்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது. நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை பிரிட்டனின் ‘புரோடெக்ட்’ ஆய்வு காட்டியது. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த புற்றுநோய் கொண்ட 1,643 ஆண்களில் அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என எந்தக் குழுவில் இருந்தாலும், 15 ஆண்டுகளுக்குப் பின் அந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதம் அளவுக்கே இருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக் குழுவிலோ ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னும் 17 சதவீதத்தினர் சிறுநீர்க் கசிவுக்காகப் பேடு அணிந்துகொண்டிருந்தனர். சாகடிக்காத நோய்க்காக ஆயுள் முழுதும் ஈரத் துணியோடு வாழ்வது சின்ன விலை அல்ல.

அமெரிக்காவில் பி.எஸ்.ஏ. பரவிய பின்புதான் முற்றிய நிலையில் வருவோர் குறைந்தார்கள்; நம் நாட்டில் இன்னும் பலர் எலும்புக்குப் பரவிய பிறகே வருகிறார்கள், அப்படியிருக்க நாம் தயங்கலாமா என்று கேட்பவர்களின் கவலை எனக்கும் உண்டு. 2020-ல் உலகில் 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகள் 2040-ல் 29 லட்சமாவார்கள் என்று ‘லான்செட்’ ஆணையம் 2024-ல் எச்சரித்தது; கூடுதல் சுமை ஏழை, நடுத்தர நாடுகள் மீதே விழும். ஆனால், பரிசோதனை ரத்தம் எடுப்பதோடு முடிவதில்லை. அளவு கூடினால் எம்.ஆர்.ஐ., பிறகு திசுச் சோதனை, அதன் முடிவை நிதானமாக விளக்கும் நிபுணர், அவசரமில்லாத நோய் என்றால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணிக்க ஒரு மருத்துவமனை வேண்டும். பெருநகரங்களில் குவிந்திருக்கும் இந்த வசதிகள் இல்லாத இடத்தில், கண்காணிப்பை நம்பிப் பயணம் செய்ய முடியாதவர் கத்தியையே தேர்ந்தெடுப்பார், அல்லது முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சியே நாட்களைக் கழிப்பார். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவே 2012-ல் பி.எஸ்.ஏ. பரிசோதனையை வேண்டாம் என்றது. 2018-ல் 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம் என்று தளர்த்தியது. 70-க்கு மேல் வேண்டாம் என்பதில் மாறவில்லை. தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு. நாற்பதுகளின் பிற்பகுதியிலேயே அந்தப் பேச்சு தொடங்க வேண்டும். அதற்கும் முதலில் யாராவது கேட்டால்தானே தெரியும்? ஏழோடு எட்டாவதாகக் குடும்பத்தைப் பற்றியும், ஒன்பதாவதாக விடாத முதுகு, இடுப்பு வலியைப் பற்றியும் கேட்டால், முற்றிய நோயோடு வீட்டில் முடங்கியிருப்பவரும் மருத்துவமனைக்கு வந்துசேர்வார்.

பேச்சைத் தவிர்க்கும் இடத்தில்தான் விளம்பரம் நுழைகிறது. ‘புராஸ்டேட் நலம்’ என்று விற்கப்படும் சா பால்மெட்டோ மாத்திரைகள், முறையான ஆய்வுகளில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிச் சுமார் 35,000 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் அந்நோய் 17 சதவீதம் கூடியது 2011-ல் தெரிந்தது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள் பெண்கள். அவர்களிடம் ஒரு முதியவர் இதையெல்லாம் சொல்வாரா என்பது நியாயமான கேள்வி. வாயால் சொல்ல வேண்டியதில்லை. தாளில் குறித்து மடித்துக் கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண் சுகாதார ஆய்வாளர் கேட்டுக் குறிக்கலாம். தனியார் பரிசோதனைக் கூடங்களுக்கு அரசு வேறொரு விதியை வகுக்க வேண்டும்: பி.எஸ்.ஏ.வுக்கு ரத்தம் எடுக்கும் முன், அளவு எதனாலெல்லாம் கூடும், கூடினால் அடுத்து என்ன, எடுக்காமலிருக்கவும் உரிமை உண்டு என்பதைத் தமிழில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, வந்தவர் படித்த பிறகே ஊசி போட வேண்டும். ஃபினாஸ்டிரைடு சாப்பிடுபவரின் ரத்தத்தில் இந்த அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, இருக்கும் ஆபத்தை மறைத்துவிடும் என்பதால், தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.