பயணப்படி மேல்வருமானமா?

அரசு ஊழியர்கள் பயணப்படி பாக்கியைக் கேட்டுப் போராடினால் போதும், டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே பேச்சுதான்: “வாங்குகிற சம்பளம் போதாதென்று ஊர் சுற்றவும் காசா?” பயணப்படியை மேல்வருமானமாகப் பார்க்கும் இந்த நம்பிக்கை தவறானது, அநியாயமானதும்கூட.

அலுவலகம் உத்தரவு போடுகிறது. ஊழியர் கைக்காசைப் போட்டு பஸ் ஏறுகிறார், லாட்ஜில் தங்குகிறார், ஓட்டலில் சாப்பிடுகிறார். திரும்பியதும் புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், கிலோமீட்டர், டிக்கெட் எண் என்று கட்டம் கட்டமாக நிரப்பிப் பயணப்படி பில் போடுகிறார். முன்பணம் வாங்காதவர்களைப் பொறுத்தவரை, அரசு வேலைக்கு ஊழியர்தான் கடன் கொடுக்கிறார். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 10(14) பிரிவும் அலுவல் பயணத்துக்குச் செலவழித்த அளவுக்குப் பயணப்படிக்கு வரிவிலக்கு தந்தது. வரித்துறையே வருமானமாகக் கொள்ளாத பணம் அது.

தொகையாவது கொழுத்ததா? ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலையில் மத்திய அரசு நிர்ணயித்த விகிதத்தைப் பாருங்கள். 5ஆம் ஊதிய நிலையிலும் அதற்குக் கீழும் இருப்பவருக்கு நாளொன்றுக்குத் தங்க 450 ரூபாய், சாப்பாட்டுக்கு 500, ஊருக்குள் போய்வர 113. ஆறு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால் சாப்பாட்டுப் படியில் 30 சதவீதம், அதாவது 150 ரூபாய்தான். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டால் இந்த விகிதங்கள் 25 சதவீதம் கூடும் என்கிறது விதி. கூட்டினாலும் அறைக்கு 563 ரூபாய். சென்னையில் எந்த லாட்ஜில் இந்த வாடகைக்குக் கௌரவமான அறை கிடைக்கும்? மிச்சத்தைக் கடைநிலை ஊழியர் தன் சம்பளத்திலிருந்துதான் போடுகிறார்.

கெடு விஷயத்தில் அநீதி இன்னும் அப்பட்டம். மத்திய அரசில் பில் கொடுக்க முன்பு ஓராண்டு அவகாசம் இருந்தது; 2018 மார்ச்சில் அது 60 நாளாகச் சுருங்கியது. ஊழியர் கெடுவைத் தவறவிட்டால் பணம் கேட்கும் உரிமையே போய்விடும். அலுவலகமோ “நிதி ஒதுக்கீடு வரவில்லை” என்று சொல்லி அதே பில்லை மாதக்கணக்கில் கிடப்பில் போடலாம். அதற்கு இப்படியொரு தண்டனை கிடையாது.

“பொய் பில் போடுகிறார்களே” என்பார்கள். போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பணத்தை வசூலித்துத் துறை நடவடிக்கையும் எடுக்கட்டும். ஆனால் போகாத ஊருக்குப் பில் போட்டவர் கைக்காசு எதையும் இழக்கவில்லை. தாமதம் அவருக்கு உறைக்காது. வெயிலில் அலைந்து ஆய்வு செய்துவிட்டு வந்தவர்தான் அடுத்த பயணத்துக்குக் கடன் வாங்குகிறார். தாமதப்படுத்துவதால் மோசடி ஒழியாது, நேர்மைதான் தண்டிக்கப்படுகிறது.

கைக்காசு கரையும் என்று ஊழியர் பயணத்தைத் தட்டிக்கழித்தால், ஆய்வு நடக்காமல் கிடப்பது நம் ஊர்ப் பள்ளியும் நம் ஊர்ச் சாலையும்தான். அதனால் இது நமக்கும் உரிய கோரிக்கை: ஊழியருக்கு 60 நாள் கெடு என்றால் அரசுக்கும் அதே 60 நாள். தவறினால் வட்டியோடு கொடுக்கட்டும்.