தெருமுனை வரைக்கும்தானே!





போன மாதம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். வயது 43. பன்னிரண்டு வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போவது, அரிசி மூட்டை கொண்டு வருவது எல்லாம் அதில்தான். இப்போது கியர் வண்டி ஒன்று வாங்கி, சிறுமலை வரை தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. “வீட்டுக்காரர் பயப்படுகிறார். அது பயமா, இல்லை வேண்டாம் என்பதற்கு இன்னொரு பெயரா என்று எனக்குப் புரியவில்லை. அவர் மனதை எப்படி மாற்றுவது?” என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை என் மனைவியிடம் நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். “நீங்களே பதில் எழுதுங்க. நீங்க பண்ணின கூத்தையும் சேர்த்து எழுதுங்க” என்றாள்.

கூத்து நடந்து மூன்று வருடமாகிறது. அப்போது எனக்கு 51. கல்லூரிக் காலத்தில் டி.வி.எஸ். 50 ஓட்டியதோடு சரி. அதற்குப் பிறகு பஸ், ரயில், கார். கிளட்ச் வைத்த பைக்கைத் தொட்டதே இல்லை. மகள் படிக்க வெளியூர் போனபின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் வெறிச்சோடிப் போயின. ஒருநாள் வீட்டில் சொல்லாமல் ஷோரூமில் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் நான் போனை எடுக்கவில்லை என்று, படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்த இன்னொரு எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். “மேடம், சாருக்கு கறுப்பா, சிவப்பா?” அன்று இரவு எங்கள் வீட்டில் கரண்டிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

நானும் வக்கீல் மாதிரி வாதங்களைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தேன். வேகமாகப் போக மாட்டேன். விடியற்காலை ஈ.சி.ஆரில் கூட்டமிருக்காது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம், சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு வழுக்காது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவள், கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

“எங்க சித்தப்பா எங்கே போயிட்டு வரும்போது செத்தாருன்னு ஞாபகம் இருக்கா?”

எனக்கு மறந்துபோயிருந்தது. கும்பகோணத்தில் இருந்த அவளுடைய சித்தப்பா ஹெல்மெட் போடாத ஆள் இல்லை. வெளியூர் என்றால் தலையில் மாட்டாமல் வண்டியை உதைக்க மாட்டார். அன்றைக்குக் கிளம்பியது தெருமுனைக் கடைக்கு, வெற்றிலை வாங்க. திரும்பும்போது குறுக்கே ஒரு நாய். விழுந்த வேகமும் பெரிய வேகம் இல்லை. உடலை வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தியபோது, திண்ணைச் சுவரின் ஆணியில் அவருடைய ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்ததாம். “ஒரு கீறல் இல்லாம பளபளன்னு இருந்துச்சு” என்றாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

நான் ஈ.சி.ஆரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் பயந்தது தெருமுனைக்கு.

அவளுடைய பயம் என் வாதங்களைவிட விவரமானது என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர், லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1981ல் ஓர் அறிக்கை தந்தார். பெரும்பாலான விபத்துகள் கடைகண்ணிக்கும் நண்பர் வீட்டுக்கும் போன குட்டிப் பயணங்களில், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே நடந்தவை. சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். முறையாகக் கற்றவர்கள் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வண்டியோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. ஊர் வேறு, காலம் வேறு. ஆனாலும் படிக்கும்போது எனக்குக் கும்பகோணத்துத் திண்ணைதான் கண்ணில் நின்றது.

அந்தத் திண்ணை ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டின் கதையை நம் நாட்டுக் கணக்கும் சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் இல்லாமல் போய் இறந்தவர்கள் மட்டும் 50,029. இவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்களே இல்லை. பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

ஆகவே சகோதரி, உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அவர் மனதை மாற்றப் பார்க்காதீர்கள். “எதுக்குப் பயப்படறீங்க?” என்று கேளுங்கள். பொதுவாக இல்லை, எந்த ரோடு, எந்த நேரம், எந்த வளைவு என்று கேளுங்கள். பதில் வந்தால் அது பயம். பயத்துக்கு வேலை கொடுக்கலாம். பதிலே வராமல் “ஊர்ல என்ன பேசுவாங்க” என்று மட்டும் வந்தால், அது வேறு கணக்கு. அதற்கு ஹெல்மெட் வாங்கிப் பயனில்லை. உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். பன்னிரண்டு வருடம் உங்கள் பின்சீட்டில் அவருடைய அம்மாவை நம்பி அனுப்பியவர்தானே, அதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

பயத்துக்கு வேலை கொடுப்பது என்றேன். எங்கள் வீட்டில் அது ஒரு ஜோடி செருப்பில் தொடங்கியது.

எல்.எல்.ஆர். எடுத்தவுடன், வண்டி ஓட்டக் கற்றுத்தரும் ஒருவரைப் பிடித்து, விடுமுறை நாட்களில் பள்ளி மைதானம் ஒன்றில் பழகினேன். எட்டு போடுவதோடு பாடம் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ பிரேக்கிலிருந்துதான் ஆரம்பித்தார். ‘முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடும்’ என்று நம் ஊரில் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள் இல்லையா? உண்மையில் பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. வண்டியை நிறுத்துகிற வலு பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான். வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் அழுத்தம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பின் பிரேக் துணைக்கு.

மனைவி காபி பிளாஸ்க்கோடு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து வந்தாள். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து பதினைந்து தப்படி எண்ணி, தன் செருப்பைக் கழற்றி வைத்தாள். “நாப்பதுல வாங்க. கோட்டுல பிரேக் பிடிங்க. செருப்பைத் தாண்டக் கூடாது” என்றாள். முதல் தடவை செருப்பை மிதித்துக்கொண்டு வெகுதூரம் போய் நின்றேன். நாலாவது தடவையும் தாண்டினேன். வெயில் ஏறி, பிளாஸ்க் காலியாகும் நேரத்தில் ஒருவழியாகச் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது வண்டி. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, “இது நாய்க்கு. லாரிக்கு?” என்றாள்.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. 60ல் கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக்கில் விரல் படுவதற்கு முன்பே போய்விடும் தூரம் அது. அதற்கு மேல், 40ல் நிற்க எடுக்கும் தூரத்தைப்போல இரண்டேகால் பங்கு 60ல் வேண்டும். ‘வேகமாகப் போக மாட்டேன்’ என்று நான் செய்த சத்தியத்தைவிட இந்தக் காகிதம்தான் அவளுக்குத் தெம்பு தந்தது.

பிறகு எங்களுக்குள் சில ஒப்பந்தங்கள். முதல் ஆறு மாதம் பொழுது சாய்ந்தபின் வண்டி இல்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று அவளுக்குப் பட்டால் காலையில் வண்டி இல்லை. இதில் அவள் தீர்ப்பே கடைசி. நான் ஓட்டும்போது அவள் போன் செய்யக் கூடாது. மணி அடித்தாலே கவனம் சிதறும். டீக்கு நிற்கும்போது நானே செய்தி அனுப்ப வேண்டும். ஞாயிறு காலை டயரில் காற்று, செயின் தொய்வு, பிரேக் விளக்கு மூன்றையும் பார்ப்பது அவள் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் நகலும் அவள் கையில். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவர் லைசென்ஸோடு ஓட்டும்போது ஏதாவது நேர்ந்தால் 15 லட்சத்துக்கான விபத்துக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே சகோதரி, வண்டியை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

விழவே மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் விழுந்தேன். இரண்டாம் மாதம், ஒரு திருப்பத்தில் சிந்திக் கிடந்த எம்-சாண்டில், மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். கையுறையின் உள்ளங்கை கிழிந்தது. என் உள்ளங்கை தப்பியது. மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் ஞாபகம் வந்தது. நேரே வீட்டுக்குப் போய்க் கையுறையை மேஜைமேல் வைத்தேன். அவள் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். திட்டவில்லை. “எனக்கும் ஒரு ஜோடி வாங்கிடுங்க” என்றாள். அதற்கு முன்பு அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை.

எல்லா ஒப்பந்தத்திலும் பெரியதை இன்னும் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எங்கள் வீட்டில் ஆணியில் மாட்டுவதில்லை. ஹெல்மெட்டுக்குள்தான் போட்டு வைப்போம். சாவி வேண்டுமென்றால் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தபின் அதை வைத்துவிட்டுப் போவதற்குத் தனியாக வெட்கம் கெட வேண்டும். யோசனை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் காலையில் பால் திரிந்துவிட்டது. கடை இருநூறு மீட்டர். லுங்கியோடு, தலையில் ஹெல்மெட்டோடு, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டு நண்பர் பல் துலக்கியபடியே, “என்ன சார், லடாக்கா?” என்றார். முன்பெல்லாம் நான் கிளம்பினால், வண்டிச் சத்தம் திரும்பி வரும்வரை என் மனைவி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்று எட்டிப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள். “ரெண்டு பாக்கெட்டா வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிறுமலை போய்வந்ததும் எழுதுங்கள் சகோதரி. முடிந்தால் அவரையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்