புகையிலையை விடச் சொல்பவர்களிடம் எதைக் கேட்பது?

அன்பான ஊரவர்களுக்கு,

2020ஆம் ஆண்டுக்குள் இலங்கையில் புகையிலைச் செய்கையே இல்லாமல் ஆக்கப்படும் என்று மைத்திரிபால சிறிசேன சனாதிபதியாக இருந்த காலத்தில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்து போயிற்று. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் மாரி ஓய்ந்ததும் கன்று நடுவது நிற்கவில்லை. அதைக் கண்டு, அறிவிப்பு காற்றோடு போய்விட்டது என்று நீங்கள் ஆறுதலடைந்தால் அது ஆபத்து. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை இலங்கை 2003இலேயே ஏற்றுக்கொண்டது. 2006இல் அதற்கான சட்டமும் அதிகார சபையும் வந்தன. 2016இல் வாயில் போடும் புகையிலைத் தயாரிப்புகளின் உற்பத்தியும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. எந்த அரசு வந்தாலும் இந்தப் பாதை திரும்பப் போவதில்லை. ஆகவே தடை வருமா என்று காத்திருப்பதை விட்டு, வரும்போது எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்பதை இப்போதே நாம் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று கனடாவிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். புகையிலைக்காக வாதாட நான் வரவில்லை. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலை வாய்ப் புற்றுநோயைத் தரும் என்பதில் மருத்துவ உலகில் இன்று இரண்டு கருத்தில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். சிகரெட்டைக் குறை சொல்லி, நாங்கள் விளைவிப்பது சுருட்டுக்கும் வெற்றிலைக்கும்தானே என்று ஒதுங்குவது நேர்மையாகாது. விளைவிப்பவருக்கும் இந்தப் பயிர் நல்லது செய்வதில்லை. பனியில் நனைந்த பச்சை இலையை வெறுங்கையால் முறித்துச் சுமப்பவரின் தோல் வழியே நிக்கொட்டின் உடலுக்குள் இறங்கும். தலைச்சுற்றும் வாந்தியும் அப்படி வருபவை. தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் பெண்களும் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. இந்தப் பயிர் நம் மண்ணைவிட்டுப் போகத்தான் வேண்டும்.

ஆனால் அது ஏன் இவ்வளவு காலம் போகவில்லை என்பதை விளங்கிக்கொள்ளாமல் போடும் தடை தோட்டக்காரரைத்தான் அடிக்கும். புகையிலையில் இலாபம் அதிகம், அதனால் விட மறுக்கிறார்கள் என்று கொழும்பில் பேசுவோர் உண்டு. அது பாதி உண்மை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் கிணற்றை நம்பி, சிறிய துண்டுக் காணியில், கடன் வாங்கிப் பயிர் செய்பவருக்கு இலாபத்தைவிடப் பெரிய கவலை, அறுவடை நாளில் சந்தை எப்படி இருக்கும் என்பதே. தக்காளியும் கத்தரியும் அதிக நாள் பொறுக்காது. சின்ன வெங்காயம் சில வாரம் தாங்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கிளறி எடுப்பதால் அந்த வாரங்களில்தான் விலையும் சரியும். புகையிலை அப்படியல்ல. குடிலில் புகை போட்டுப் பதப்படுத்திக் கட்டி வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. வியாபாரி கேட்கும் விலை கட்டாதென்றால் இப்போது தரமாட்டேன் என்று சொல்ல அது இடம் தருகிறது. நம்மவரின் மற்றத் தோட்டப் பயிர்களில் பெரும்பாலானவை இந்தப் பலத்தைத் தருவதில்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து கடல் கடந்து திருவிதாங்கூர் வரை யாழ்ப்பாணப் புகையிலை போனதும், அந்தச் சந்தை சுருங்கியபோது தோட்டக்காரர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்பனையைக் காக்க முயன்றதும், இலை காத்திருக்கக்கூடிய பண்டம் என்பதால்தான் முடிந்தது. வீட்டுக்குள்ளேயே வைக்கக்கூடிய சேமிப்பு அது. பெண்ணின் கலியாணமோ பிள்ளையின் படிப்போ வரும்வரை விற்காமல் வைத்திருக்கலாம்.

விற்க வழி இருந்தால் தோட்டக்காரர் மாறுவார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1970 முதல் 1977 வரை இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்த ஆண்டுகளில் குடாநாட்டுத் தோட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் எப்படிப் பரவின என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். புகையிலையை அன்று யாரும் தடை செய்யவில்லை. பிழைக்க வழி தெரிந்ததும் தோட்டக்காரர் தாமாகவே வேறு பயிர் வைத்தார்கள். செத்தல் மிளகாய் அவ்வளவு வேகமாக இடம்பிடித்ததற்கு, இலையைப் போலவே அதையும் காயவைத்துச் சாக்கில் கட்டிக் காத்திருக்கலாம் என்பதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது, விலை விழுந்தது. பின்னர் போரும் பாதை மூடலும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து மிச்சத்தையும் அழித்தன. அந்தப் பலன் ஓர் இறக்குமதிக் கொள்கையில் தொங்கிக்கொண்டிருந்ததால் கொள்கை மாறியதும் அதுவும் போயிற்று. பழைய இறக்குமதித் தடைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. அன்று நகரத்து ஏழைகள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நம் தோட்டக்காரர் எதற்கு அசைவார்கள் என்பதற்கு அந்த ஏழாண்டுகள் காட்டும் சான்றுதான் எனக்கு முக்கியம்.

மறுபக்கத்துச் சான்றும் கையிலேயே உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நஞ்சில்லாத உணவு என்ற நோக்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் மாற்று உரம் போதிய அளவில் இருக்கவில்லை, பழகுவதற்குக் கால அவகாசமும் இருக்கவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை திரும்பப் பெறப்பட்டது. நட்டப்பட்ட கமக்காரருக்கு இழந்த போகம் திரும்பவில்லை. நல்ல நோக்கம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அந்த ஆண்டை நினைவுபடுத்துங்கள்.

விலகுவோருக்குக் காசு கொடுத்துப் பார்த்த நாடுகளும் உண்டு. இங்கே கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில், ஈரி ஏரியின் வடகரை மணல் நிலத்தில், தலைமுறைகளாகப் புகையிலை விளைந்தது. 2008இல் மத்திய அரசு 28 கோடி 60 லட்சம் டொலரை ஒதுக்கி, விட்டு விலகச் சம்மதித்தவர்களின் உற்பத்திப் பங்கை இறாத்தலுக்கு 1 டொலர் 5 சதம் கொடுத்து வாங்கியது. பலர் ஜின்செங், காய்கறி என்று மாறினார்கள். ஆனால் வாங்கி முடித்த பின் அனுமதிப்பத்திர முறை ஒன்று வந்தது. அதன் வழியாகப் பயிர்ச்செய்கை தொடர்ந்தது, விளைச்சலும் மறுபடி ஏறியது. காசு மட்டும் கொடுத்து, வாங்கும் கொம்பனிகளின் கேள்வியைத் தொடாமல் விட்டால் நடப்பது இதுதான். ஐக்கிய அமெரிக்காவில் 2004இல் செய்தது இன்னொரு விதம். விளைவிப்போருக்கும் பங்கு உரிமையாளருக்கும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1,000 கோடி டொலர் கொடுத்தார்கள். அந்தப் பணம் சிகரெட் முதலிய புகையிலைப் பொருள்களைத் தயாரிப்போரிடமும் இறக்குமதி செய்வோரிடமும் அறவிடப்பட்டது. நிதி எங்கே என்று நம் அமைச்சர்கள் கையை விரிக்கும்போது இந்த வழியைக் காட்டலாம். சிகரெட் விற்று இலாபம் பார்ப்பவர்களும், அதன் வரியில் பெருந்தொகை பெறும் திறைசேரியும் இருக்கையில், இரண்டு பரப்புக் காணிக்காரர் மட்டும் தியாகம் செய்யவேண்டும் என்பது என்ன நியாயம்?

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். நாம் விட்டால் இந்தியாவிலிருந்து இலை வரும், வெற்றிலைக் கடை மூடாது என்பீர்கள். உண்மை. பூட்டானின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் விளைவிப்பதையும் விற்பதையும் சேர்த்தே தடை செய்தது; கடத்தல் பெருகி, 2021இல் விற்பனைத் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆகவே செய்கையை மட்டும் நிறுத்தினால் மெல்லுபவரின் வாய் தப்பாது, நம் வருமானம்தான் போகும். ஆனால் இதை வைத்து, ஆகவே காலமெல்லாம் விளைவிப்போம் என்ற முடிவுக்கு வர முடியாது. பயன்பாட்டைக் குறைக்கும் வேலை முன்னே போகவேண்டும், செய்கை அதன் பின்னே படிப்படியாகக் குறையவேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு. இது நம் முன்னோரின் தொழில், அடையாளம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இறைப்பிலும் பதப்படுத்துவதிலும் சந்தையைக் கணிப்பதிலும் நம்மவர் பெற்ற தேர்ச்சிதான் காக்க வேண்டிய சொத்து. அது புகையிலையோடு போய்விடாது. மாற்றுப் பயிர் வந்தால் கிணற்று நீராவது சுத்தமாகும் என்று சிலர் நம்புவதும் சரியல்ல. நம் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்கு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப் போட்ட உரமும் காரணம். அதைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்ல நீ யார் என்ற கேள்வியும் நியாயமானது. நட்டம் வந்தால் அதைச் சுமக்கப்போவது நீங்கள். அதனால்தான் எங்களுடைய பங்கையும் சேர்த்துச் சொல்கிறேன். புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் பெரும்பகுதி வீட்டுக்கும் கோயில் திருப்பணிக்கும் போகிறது. அதில் ஒரு பகுதி குளிரூட்டிய களஞ்சியத்துக்கும், மிளகாயும் காய்கறியும் உலர்த்தும் கூடத்துக்கும், கூட்டுறவுச் சங்கங்களின் முதலுக்கும் வந்தால், புகையிலை இதுவரை தந்த காத்திருக்கும் பலத்தை வேறு பயிருக்கும் கொடுக்கலாம். வெறும் கட்டடம் போதாது. அதை நடத்தும் சங்கம் தோட்டக்காரரின் கையில் இருக்கவேண்டும், கணக்கு வெளிப்படையாக இருக்கவேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவற்றைக் கமக்காரர் அமைப்புகள் இப்போதே எழுத்தில் கொடுக்கவேண்டும். செய்கையை நிறுத்தும் நாளை, களஞ்சியம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து சில போகங்கள் தள்ளிக் கணக்கிட வேண்டும். விட்டு விலகுபவருக்கான இழப்பீடு சிகரெட் தயாரிப்போரிடம் அறவிடப்பட வேண்டும். காணி இல்லாமல் கூலிக்கு இலை முறிப்பவரும் குடிலில் வேலை செய்பவரும் அதில் சேரவேண்டும், ஏனென்றால் இழப்பீட்டுப் பட்டியல்களில் முதலில் விடுபடுவது அவர்கள் பெயர். இறக்குமதியாகும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் விதிக்கும் விசேட பண்ட வரியை நினைத்த நேரத்தில் கூட்டிக் குறைக்காமல், நம் அறுவடை மாதங்களில் என்ன வரி இருக்கும் என்பதை நடுகைக்கு முன்னரே அறிவிக்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட வரிச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி மூலம் செய்யக்கூடிய வேலை அது. அதற்குப் புதுச் சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை, ஆகவே அதையே முதலில் கேளுங்கள். வரும் போகத்துக்குமுன் அதைக்கூடச் செய்ய மறுக்கும் அமைச்சு, தடைக்குப் பிறகு மற்றவற்றைச் செய்யும் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து உங்கள் ஊரவர்களில் ஒருவர்