எளிமையை ரசிக்கிற நாம

மதுரைக்காரங்களுக்கு நன்மாறனைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்லை. மேடையில சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், அதனால 'மேடைக் கலைவாணர்'. மார்க்சிஸ்ட் கட்சி சார்பா 2001லயும் 2006லயும் மதுரை கிழக்குல ஜெயிச்சார். பத்து வருஷம் எம்.எல்.ஏ.! ஆனாலும் சொந்த வீடு கிடையாது. 2021ல கலெக்டர் ஆபீஸ்ல வீடு கேட்டு மனு கொடுத்தார். அதே வருஷம் அக்டோபர் 28ல காலமானார்.

அன்னைக்கு என் வாட்ஸப் முழுக்க அவர் போட்டோதான். "இப்படியும் ஒரு மனுஷனா!"ன்னு நானும் ஸ்டேட்டஸ் போட்டேன். மறுநாள் யோசிச்சா கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு.

ஏன்னா தேர்தல் கணக்கு வேற கதை சொல்லுது. 2001ல அவர் கட்சி அ.தி.மு.க. கூட்டணி, 2006ல தி.மு.க. கூட்டணி. ரெண்டு தடவையும் அந்தப் பக்கம்தான் ஆட்சிக்கு வந்துச்சு. அஞ்சு வருஷம் அவரைப் பக்கத்துல பார்த்த தொகுதியே 2006ல நூலிழையிலதான் ஜெயிக்க வெச்சுது. அப்போ எளிமைக்குன்னு விழுந்த ஓட்டு எத்தனை?

"அது அவரா விரும்பி ஏத்துக்கிட்ட வாழ்க்கை, நீ ஏன் பரிதாபப்படுறே?"ன்னு கேப்பீங்க. சரிதான். எம்.எல்.ஏ. சம்பளத்தைக் கட்சிக்குக் கொடுத்துட்டு, கட்சி தர்றதை வாங்கிக்கிறது அவங்க வழக்கம். என் பிரச்சினை அவர்கிட்ட இல்லை, நம்மகிட்ட. ஓசியில வேலை செஞ்சு தர்ற ஆளை "தங்கமான பையன்"னு புகழ்ற கிளையன்ட் மாதிரி இருக்கோம். பாராட்டு தாராளமா வரும், செக் மட்டும் வராது.

2022ல தமிழ்நாட்டுச் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு உச்சவரம்பை 40 லட்சமா உயர்த்தினாங்க. வாடகை வீட்டுல இருக்கிற ஒருத்தர், ஒரு கட்சி தோள் கொடுக்காம, அதுல கால்வாசியாவது புரட்ட முடியுமா? நம்ம ஓட்டும் நன்கொடையும் வந்தாத்தான் முடியும். அது ரெண்டையும் கொடுக்காம, செத்த பிறகு போட்டோ மட்டும் ஷேர் பண்றோம்.

காசு இல்லாதவர் எம்.எல்.ஏ. ஆகுறது அதிசயமாவே இருக்கிற வரைக்கும், அவரைக் கொண்டாடுறதுல நமக்கு என்ன பெருமை? அடுத்த தேர்தல்ல உங்க தொகுதி வேட்பாளர்களோட சொத்துப் பத்திரத்தைத் தேர்தல் கமிஷன் சைட்ல ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, நமக்கு எளிமை நெஜமாவே பிடிக்குமான்னு.

நான் இதுவரைக்கும் படிச்சதில்லைங்கறதையும் ஒத்துக்கறேன்.